நான்கு கார்களைத்தான் பார்த்தார்கள்

2023 அக்டோபரில் அமெரிக்காவின் ஆஸ்டினில் ஃபார்முலா 1 கார் பந்தயம் முடிந்து சில மணி நேரம் கழித்து, இரண்டாவதாக வந்த ஹாமில்டனும் ஆறாவதாக வந்த லெக்லெர்க்கும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். காரின் அடிவயிற்றில் பொருத்தியிருக்கும் பிளாங்க் என்ற பலகை, விதி அனுமதிக்கும் அளவைத் தாண்டித் தேய்ந்திருந்தது. அதில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டையைக் கிளப்பியது பக்கத்திலேயே இருந்த இன்னொரு தகவல்: பலகை சோதிக்கப்பட்டவை மொத்தமே நான்கு கார்கள். நான்கில் இரண்டு தேறவில்லை. அப்படியானால் மீதிக் கார்கள் எல்லாம் சரியாக இருந்தன என்று எப்படி நம்புவது என்று ரசிகர்கள் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது. பலர் ஊகித்த பதில்தான் தவறு. ஏதோ இரண்டு அணிகளைக் குறிவைத்தார்கள் என்று பேசுவதற்கு முன், பந்தயம் முடிந்த மாலையில், கார்களை நிறுத்திவைத்துச் சோதிக்கும் பார்க் ஃபெர்மேயில் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

புதுப் பலகை 10 மி.மீ. தடிமன். பந்தயம் முடியும்போது குறிப்பிட்ட துளைகளின் ஓரத்தில் அளந்தால் 9 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கார் தரையை எவ்வளவு ஒட்டி ஓடுகிறதோ அவ்வளவு கீழ்நோக்கிய அழுத்தம் கிடைக்கும், வளைவில் வேகம் கூடும். அதனால் எல்லா அணியும் அந்த ஒரு மில்லிமீட்டரைச் செலவழித்துத்தான் ஓட்டுகின்றன. ஆஸ்டின் தடம் மேடுபள்ளம் நிறைந்தது. அந்த வாரம் ஸ்பிரின்ட் என்ற குட்டிப் பந்தயம் வேறு. பயிற்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு காரின் உயரத்தை மாற்ற முடியாதபடி பூட்டு போட்டுவிட்டார்கள். முழு டேங்க் எரிபொருளோடு அந்த மேடுகளில் கார் எப்படித் தட்டும் என்று அந்த ஒரு மணி நேரத்தில் சரியாகக் கணித்தவர்கள் தப்பித்தார்கள்.

சோதிப்பவர்கள் பக்கம் நேரம்தான் தட்டுப்பாடு. எடை பார்ப்பது சுலபம், தராசில் ஏற்றினால் முடிந்தது. பலகையை அளக்கக் காரைத் தூக்கி நிறுத்தி, அடிப்பகுதிக்குள் கையை விட்டாக வேண்டும். இறக்கையின் வளைவு, எரிபொருள் மாதிரி, மின்னணுப் பெட்டியின் மென்பொருள் என்று பட்டியல் நீளும். வெளியே அணிகள் காரைப் பிரித்துப் பெட்டியில் அடைக்கக் காத்திருக்கும். சரக்கு விமானத்துக்கு நேரம் குறித்தாகிவிட்டது. எல்லாக் காரிலும் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால் இந்தக் காரில் இது, அந்தக் காரில் அது என்று பொறுக்குகிறார்கள். எதைப் பார்ப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாதவரை அணிகளுக்கு அந்த முறையிடம் பயம் உண்டு. பயம்தான் அதன் பலமே.

ஆனால் பொறுக்கி எடுத்ததில் பாதி தோற்றுவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. அப்போதும் நான்கோடு நிறுத்துவது என் பார்வையில் தவறு. தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: மாதிரியில் பாதி கெட்டிருந்தால் மொத்தச் சரக்கையும் திற. விமானம் காத்திருக்கட்டும்.

அளவுகோல் இருக்கிற குற்றங்களில் இதைத் தவிர வேறு மனத்தாங்கல் அதிகம் வருவதில்லை. 2024 ஸ்பாவில் ரஸல் ஒரே ஒரு டயர் மாற்றத்தோடு அற்புதமாக ஓட்டி முதலாவதாக வந்தார். மிச்சமிருந்த 2.8 லிட்டர் எரிபொருளை வடித்துவிட்டு நிறுத்துப் பார்த்தபோது கார் 796.5 கிலோ. இருக்க வேண்டியது 798. வெற்றி போனது. தேய்ந்த டயரிலேயே கடைசிவரை ஓட்டியதும் எடையைக் குறைத்திருக்கும். ரசிகர்களுக்கு வலித்தது, ஆனால் அநியாயம் என்று கத்தியவர்கள் குறைவு. தராசோடு வாதம் செய்ய முடியாது.

வாதம் தொடங்குவது மனிதர் தீர்ப்பு சொல்லும் இடத்தில். மூன்று அல்லது நான்கு ஸ்டூவர்டுகள், அதாவது பந்தய நடுவர்கள், அவர்களில் ஒருவர் பழைய ஓட்டுநர். பந்தயத்துக்குப் பந்தயம் ஆட்கள் மாறுவார்கள். ஒரு மோதல் நடந்தால் இரண்டு கார்களின் கேமரா, ஜிபிஎஸ், பிரேக், ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங் கோணம், ரேடியோப் பேச்சு எல்லாம் திரையில் வந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சம்பவம் வரிசையில் சேர்ந்துவிடும். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது ‘விசாரணையில் உள்ளது’ என்ற ஒற்றை வரி மட்டும். பத்து லேப் (சுற்று) கழித்து முடிவு வரும்போது, அந்தச் சண்டையில் இருந்தவர்கள் வேறு வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள்.

இதில் ரசிகரும் ஸ்டூவர்டும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாத இடம் ஒன்று உண்டு. ஸ்டூவர்டு பெரும்பாலும் செயலை மட்டும் எடை போடுவார், விளைவைக் கணக்கில் சேர்க்க மாட்டார். 2021 சில்வர்ஸ்டோனில் கோப்ஸ் வளைவில் ஹாமில்டனின் கார் பட்டு வெர்ஸ்டாப்பன் 51 ஜி (புவியீர்ப்பைப்போல் 51 மடங்கு) வேகத்தாக்கத்தோடு தடுப்பில் மோதினார், மருத்துவமனைக்குப் போனார். ஹாமில்டனுக்குக் கிடைத்தது 10 வினாடி நேரத்தை இழக்கும் பெனால்டி. அதையும் அனுபவித்துவிட்டு அவரே வென்றார். இதே தொடுதல் மெதுவான வளைவில் நடந்திருந்தாலும் இதே 10 வினாடிதான். சட்டப்படி பார்த்தால் இது சரி. மோதியவன் கோப்பையைத் தூக்குவதைப் பார்க்கிறவருக்கு இது ஒருநாளும் சரியாகப் படாது.

10 வினாடி என்பது எல்லோருக்கும் ஒரே விலையும் கிடையாது. முன்னால் ஆளில்லாமல் பறப்பவருக்கு அது சில்லறை. நெரிசலில் இருப்பவருக்கு ஆறு இடம். 2024 ஜெட்டாவில் மக்னுசனுக்கு இரண்டு 10 வினாடி பெனால்டி விழுந்தது. தன் பந்தயம் போய்விட்டது என்று தெரிந்ததும் அவர் வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்தவர்களை முன்னேற விடாமல் அடைத்துக்கொண்டே ஓட்டினார். அந்த இடைவெளியில் அவருடைய அணியின் ஹுல்கன்பெர்க் பிட்டுக்குள் போய் டயர் மாற்றி வந்து பத்தாவது இடத்துப் புள்ளியை எடுத்தார். பெனால்டி வாங்கிய காரையே கருவியாக்கிய கணக்கு அது. முந்திப் பிடித்த இடத்தை உடனே திருப்பிக் கொடு என்று உத்தரவிட்டிருந்தால் இந்தத் தந்திரத்துக்கே வழியில்லை.

விதியைத் துல்லியமாக எழுதினால் தீருமா என்றால், அதற்கும் ஓட்டுநர்களிடம் பதில் உண்டு. வளைவின் உச்சியில், அதாவது கார் உள் ஓரத்தை ஒட்டும் புள்ளியில், யாருடைய முன்சக்கரம் முந்தி இருக்கிறதோ அவருக்கு உரிமை என்று வழிகாட்டு நெறி வந்தது. உடனே என்ன ஆகும்? உள்பக்கம் இருப்பவர் பிரேக்கைத் தாமதமாக மிதித்து, வளைவில் நிற்குமா நிற்காதா என்று கவலைப்படாமல் உச்சியை முதலில் தொட்டுவிடுவார். இரண்டு பேரும் தடத்தைவிட்டு வெளியே போவார்கள், பெனால்டி வெளிப்பக்கம் இருந்தவருக்கு. 2024 ஆஸ்டினில் நாரிஸ் 5 வினாடி வாங்கி மூன்றாமிடத்தை வெர்ஸ்டாப்பனிடம் இழந்தபோது நடந்த சண்டை முழுக்க இதைப் பற்றியதுதான். அடுத்த வாரமே மெக்சிகோவில் வெர்ஸ்டாப்பனுக்கு இரண்டு முறை 10 வினாடி. போன வாரம் சரி, இந்த வாரம் தப்பா என்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

சில இடங்களில் தீர்ப்பைவிட வேலையின் அளவே சிக்கலாகிவிடும். நான்கு சக்கரமும் வெள்ளைக்கோட்டைத் தாண்டினால் மீறல். மூன்று முறைக்குப் பிறகு எச்சரிக்கையாகக் கறுப்பு வெள்ளைக் கொடி, நான்காவதுக்கு 5 வினாடி. கேட்க எளிது. 2023 ஆஸ்திரியாவில் இப்படிச் சந்தேகத்துக்குரிய சம்பவங்கள் 1,200-ஐத் தாண்டின. ஒவ்வொன்றையும் வீடியோவில் நிறுத்திப் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆஸ்டன் மார்ட்டின் அணி புகார் கொடுத்த பிறகு மறுபடி உட்கார்ந்து அலசி, எட்டு ஓட்டுநர்களுக்குக் கூடுதல் பெனால்டி போட்டார்கள். நான்காவதாக வந்த சைன்ஸ் ஆறாவதானார். அடுத்த வருடம் கடைசி இரண்டு வளைவுகளின் வெளியோரத்தில் ஜல்லி கொட்டினார்கள். கோட்டைத் தாண்டினால் ஜல்லியே வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும், தீர்ப்பு சொல்ல யாரும் தேவையில்லை. ஒரு லாரி ஜல்லி செய்கிற வேலையைப் பத்துப் பக்க விதி செய்யாது.

பைக் பந்தயமான மோட்டோஜிபியின் ரசிகர்களுக்கு எரிச்சல் வேறு ரகம். முன் டயரின் காற்றழுத்தம் பந்தயத்தின் 60 சதவீத லேப்களில் 1.8 பார் (காற்றழுத்த அலகு) அளவுக்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 16 வினாடி பெனால்டி. டயர் பாதுகாப்புக்காக வந்த விதி. ஆனால் இன்னொரு பைக்கின் பின்னால் ஓடினால் சூடான காற்று பட்டு அழுத்தம் ஏறும், முன்னால் தனியாக ஓடினால் ஏறாது. கூட்டத்தில் ஓடுவோம் என்று கணக்குப் போட்டுக் குறைவாக நிரப்பிய அணியின் வீரர், எதிர்பாராமல் முன்னிலைக்கு வந்தால் மாட்டிக்கொள்வார். 2025 தாய்லாந்தில் மார்க் மார்க்கஸ் வேண்டுமென்றே தம்பி அலெக்ஸை முன்னால் விட்டுப் பின்னால் ஒட்டிக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிட்டு, கடைசியில் முந்தி ஜெயித்தார். அதே வருடம் கத்தாரில் இரண்டாவதாக வந்த வினியாலஸ், 16 வினாடி சேர்ந்ததும் பதினான்காவது. மேடையில் நின்றவரை ரசிகர் பார்த்தாகிவிட்டது. முடிவுப் பட்டியலில் வேறு பெயர்.

2021 அபுதாபியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 58 லேப் பந்தயத்தில் 53-ஆவது லேப்பில் லடிஃபி மோதினார், எல்லாரையும் மெதுவாகத் தன் பின்னால் ஓடவைக்கும் சேஃப்டி கார் வந்தது. ஒரு லேப் பின்தங்கிய எட்டுக் கார்களில், ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவில் இருந்த ஐந்து மட்டும் முன்னே அனுப்பப்பட்டன. அப்படி அனுப்பினால் அடுத்த லேப்பின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே போக வேண்டும் என்று எழுதியிருந்தது. அதே லேப்பில் போனது. ஒரே ஒரு லேப் பந்தயம் மிஞ்சியது, ஹாமில்டன் கையிலிருந்த சாம்பியன் பட்டம் வெர்ஸ்டாப்பனுக்குப் போனது. பின்னால் வந்த அறிக்கை மனிதப் பிழை என்றும், பந்தயத்தை நடத்திய ரேஸ் டைரக்டர் நல்லெண்ணத்தோடு செயல்பட்டார் என்றும் சொன்னது. அந்த நிமிடங்களில் இரண்டு அணிகளின் தலைவர்களும் ரேடியோவில் நேரடியாக ரேஸ் டைரக்டரின் காதில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. கணக்குப் போட வேண்டிய ஆளிடம் ஆளுக்கொரு பக்கம் கெஞ்சினால் யாருக்கும் கைதவறும். அடுத்த வருடமே அந்த வழியை அடைத்ததும், ஜெனீவாவிலிருந்து உதவ ஒரு அறையைத் திறந்ததும் சரியான வேலை. இந்த இரண்டும் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

இப்போது நிறைய காகிதங்கள் வெளியே வருகின்றன. 2025-இல் பெனால்டி அட்டவணையையும் ஓட்டும் முறைக்கான நெறிகளையும் ஃபார்முலா 1-ஐ ஆளும் அமைப்பான எஃப்ஐஏ பொதுவில் வைத்தது. ஸ்டூவர்டுகளின் முடிவுத் தாளில் காரணம் என்ற பத்தியை முதலில் படிக்க வேண்டும். எந்தக் கார் உச்சியில் எங்கே இருந்தது என்று அதில்தான் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிறகு தொழில்நுட்பப் பொறுப்பாளரின் அறிக்கையும் வருகிறது. எந்தக் காரில் எது அளக்கப்பட்டது என்று கார் எண் வாரியாக அதில் இருக்கும். பலகைக்கு எதிரே எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.