கோகோ காயிலிருந்து சாக்லேட் வரை: கூடையில் கெட்டதும் பெட்டியில் தேறியதும்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில் தென்னந்தோப்புகளுக்குள் எட்டிப் பார்த்தால் கோகோ மரங்கள் தெரியும். தென்னை நிழலில் ஊடுபயிராக வளர்பவை. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேராக ஒட்டிக்கொண்டு காய்க்கும். தெரிந்த தோப்புக்காரர் ஒருவரிடம் 35 காய் வாங்கி வந்து ஆரம்பித்தேன்.

காயை உடைத்தால் சாக்லேட் வாசனை துளியும் இல்லை. வெள்ளைச் சதை போர்த்திய முப்பது, நாற்பது விதைகள். சதை இனிப்பும் புளிப்புமாக நன்றாகவே இருந்தது. விதையைக் கடித்தேன்: உள்ளே ஊதா நிறம், நாக்கை இழுக்கும் துவர்ப்பு, கசப்பு. இந்த விதைதான் சாக்லேட்டாக வேண்டும்.

அதற்கு முதலில் புளிக்க வைக்க வேண்டும். மூங்கில் கூடையில் வாழை இலை விரித்து, 4 கிலோ ஈர விதையைக் கொட்டி, சாக்குப் போட்டு மூடினேன். இரண்டாம் நாள் சாராய வாடை வந்தது. ஈஸ்ட் சதையிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்குகிறது. அதுவரை சரி. அப்புறம் கிளறிக் காற்று புக விட்டால் பாக்டீரியா அந்த ஆல்கஹாலை வினிகராக மாற்றும். அப்போதுதான் நல்ல சூடு கிளம்பும். குவியல் 45 முதல் 50 டிகிரி வரை போக வேண்டும். சூடும் அமிலமும் விதைக்குள் இறங்கி முளையைக் கொல்லும். அதன் பிறகுதான் உள்ளே புரதமும் சர்க்கரையும் உடைந்து, வறுக்கும்போது சாக்லேட் மணமாக மாறக்கூடிய பொருட்கள் உண்டாகும்.

என் கூடை 36 டிகிரியைத் தாண்டவில்லை. காய்ந்தபின் விதைகளை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஊதா. வறுத்தும் துவர்ப்பு போகவில்லை. அத்தனையும் உரக்குழிக்குப் போயிற்று.

"கொஞ்சமா வெச்சா சூடு நிக்காதுங்க. வலைப் பையில கட்டிக் கொண்டாங்க, நம்ம பெட்டி நடுவுல பொதைச்சுக்கலாம்" என்றார் தோப்புக்காரர். அடுத்த முறை 10 கிலோ ஈர விதையை அப்படியே அவருடைய மரப்பெட்டிக் குவியலுக்குள் புதைத்தோம். இரண்டு நாளுக்கு ஒரு முறை கிளறல், மொத்தம் ஆறு நாள். நான்காம் நாள் கையை உள்ளே விட்டேன், வெகுநேரம் வைத்திருக்க முடியவில்லை. வினிகர் நெடி மூக்கில் ஏறியது. அந்தச் சூட்டை உணர்ந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு ஒரு வாரம் வெயிலில் காய்ந்து ஏறக்குறைய 3.5 கிலோவாக வந்தது. வெட்டிப் பார்த்தால் பழுப்பு நிறம், உள்ளே மடிப்பு மடிப்பாக விரிசல்.

ஒரு கிலோவை ஓவனில் 130 டிகிரியில் 25 நிமிடம் வறுத்தேன். பட்பட்டென்று வெடிக்கும் சத்தத்தோடு, முதல் முறையாக வீட்டில் சாக்லேட் மணம். தோலை நீக்க ஹேர் டிரையரால் ஊதுகிறவர்கள் உண்டு. அம்மா முறத்தை எடுத்தார். "கடலைத் தோல் மாதிரித்தான் கண்ணு, காத்து பாத்துப் புடைக்கோணும்." தோல் போக முக்கால் கிலோ பருப்பு தேறியது.

உலகம் முழுவதும் சிறிய அளவில் சாக்லேட் செய்பவர்கள் பலர் நம் ஊர் மாவரைக்கும் டேபிள்டாப் கிரைண்டரையே பயன்படுத்துகிறார்கள். பருப்பில் பாதியளவு கொழுப்புதான், அதனால் கல் உரசும் சூட்டில் தூள் இளகிக் குழம்பாகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது, பட்டால் திரிந்து கெட்டியாகிவிடும். அம்மா நாட்டுச் சர்க்கரை போடச் சொன்னார். அதில் ஈரம் இருப்பதால் வேண்டாம் என்றேன். 700 கிராம் பருப்புக்கு 300 கிராம் வெள்ளைச் சர்க்கரையைப் பொடித்துச் சேர்த்தேன். மோட்டாருக்கு அவ்வப்போது ஓய்வு கொடுத்து இரண்டு நாள் அரைத்தேன். முதல் நாள் நாக்கில் நறநறத்தது. இரண்டாம் நாள் நெய் போல வழுக்கியது, வினிகர் வாடையும் பெருமளவு குறைந்திருந்தது. 1879-இல் சுவிட்சர்லாந்தின் ரொடால்ப் லிண்ட் நெடுநேரம் கடைவதற்கென்று ஓர் இயந்திரம் செய்ததன் பலன் எனக்கு அப்போது புரிந்தது.

கடைசி வேலை பதப்படுத்துவது (டெம்பரிங்), அதாவது உருக்கி ஆற்றிக் கொழுப்பைச் சரியாக உறைய வைப்பது. அவசரத்தில் முதல் தட்டை அப்படியே ஊற்றி ஆறவிட்டேன். மறுநாள் மேலெல்லாம் சாம்பல் பூத்திருந்தது, தொட்டால் உதிர்ந்தது. கோகோ கொழுப்பு பல விதமாகப் படிகமாகும். அதில் ஒரு வகைதான் பளபளப்பும் மொடமொடப்பும் தரும். அதனால் எல்லாவற்றையும் மறுபடி 48 டிகிரிக்கு உருக்கி, கிளறிக்கொண்டே 28-க்கு இறக்கி, திரும்ப 31-க்கு ஏற்றி அச்சில் ஊற்றினேன். ஆறியதும் அச்சைக் கவிழ்த்தால் தானாகக் கழன்று விழுந்தது. உடைத்தால் 'டக்' என்ற சத்தம்.

கொஞ்சம் புளிப்பு, பின்னால் உலர்திராட்சை போன்ற ஓர் இனிப்பு. புளிப்பு எனக்கு அளவுக்குச் சற்று அதிகம்தான். மீதி இரண்டரைக் கிலோ விதை டப்பாவில் இருக்கிறது. அடுத்த முறை வறுவலை ஐந்து நிமிடம் நீட்டிப் பார்க்கப் போகிறேன்.