நாற்பது நிமிடம் பிந்திய வீடு

அப்பா போய் நான்கு மாதம் ஆகிறது. இணைய இணைப்பை அப்போதே நிறுத்திவிட்டேன், மின்சாரம் மட்டும் இருக்கிறது. போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது நன்றாக இருட்டிவிட்டது. சுவிட்சைத் தடவிக்கொண்டிருக்கும்போதே ஹால் விளக்கு தானாக எரிந்தது.

எல்லாம் அப்பா செய்து வைத்தது. டிவிக்குப் பின்னால் ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர், அதில் வீட்டு விளக்கு, சென்சாரையெல்லாம் நடத்தும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள். "எவனோ சர்வர் படுத்தா என் வீட்டு லைட்டும் ஏம்மா படுக்கணும்?" என்பார். அதனால்தான் நெட் இல்லாமலும் ஓடுகிறது.

அந்த விளக்குக்கு நிலையான நேரம் கிடையாது. தேதியையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் வைத்து, சூரியன் மறையும் நேரத்தைத் தினமும் கணக்கிட்டுக்கொள்ளும். அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம்? லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரின் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது.

யோசித்தால் காரணம் எளிது. அவர் வைத்திருந்த பழைய மாடலில் பேட்டரி போட்ட கடிகாரம் இல்லை. நெட்டில் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். நெட் இல்லாவிட்டால் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கரண்ட் போய்ப் போய் வந்த பொழுதெல்லாம் அதன் கணக்கில் சேரவே இல்லை. என் மொபைல் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்திருந்தால் உடனே சரியாகியிருக்கும். கொடுக்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆள் பட்டியலில் 'அப்பா: வீட்டில்' என்றிருந்தது. அவருடைய போன் வைஃபையில் இருந்தால் அவர் வீட்டில் இருக்கிறார் என்பதுதான் விதி. கட்டில் பக்கத்தில் அந்தப் போன் சார்ஜரிலேயே கிடந்தது. கடைசியாகச் செருகிவிட்டுப் போனது நான்தான்.

ஒன்பது மணிக்கு, அதாவது எனக்கு ஒன்பது நாற்பதுக்கு, ஸ்பீக்கர் பேசியது. "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என் குரல். மெஷின் குரல் பிடிக்கவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் பதிவு செய்து வாங்கிக்கொண்டார். எனக்கு மறந்தே போயிருந்தது. சமையலறையில் நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஒன்றை மட்டும் அணைத்தேன். போனைச் சார்ஜரிலிருந்து எடுக்கவில்லை.

கிளம்பும்போது, வாசல் சென்சாரில் பேட்டரி குறைவு என்று காட்டியது. சிஆர்2032, பொத்தான் மாதிரி இருக்கும் பேட்டரி. மேஜை டிராயரில் அவர் வாங்கி வைத்திருந்த அட்டையில் மூன்று மிச்சம் இருந்தன. ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தேன்.