உவரி வேனும் சால்டரிங் அயர்னும்: இதுவரை கைவந்தது

வண்டி வயரில் ஈயம் பற்ற வைப்பது இப்போது ஓரளவு கைக்கு வந்துவிட்டது. சர்க்யூட் போர்டிலிருந்து ஒரு பாகத்தைச் சேதமில்லாமல் கழற்றவும் வருகிறது, ஆனால் அதற்குத்தான் பொறுமை கூடுதலாக வேண்டும். கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு உதவுமே என்று, செய்து பார்த்தவரை எழுதி வைக்கிறேன்.

பழகக் கிடைத்தது அத்தானுடைய லோடு வேன். உவரியில் மீன் ஏற்றுகிற வண்டி. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பின்பக்கம் வழியும், கடல் காற்று வேறு. பிரேக் லைட் மங்கலாக எரிகிறது என்று கொண்டுவந்து விட்டார். மல்டிமீட்டரில் பேட்டரி 12.4 வோல்ட் காட்டியது. பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு பல்பு ஹோல்டரில் வைத்தால் 9.6. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பல்பின் எர்த்திலும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) வைத்தபோது, காணாமல் போன வோல்ட்டில் பெரும்பகுதி அங்கேதான் நின்றது. பல்பு எரியும்போதே இப்படிப் பார்க்க வேண்டும். மின்சாரம் ஓடாதபோது கெட்ட ஜாயிண்டும் நல்லதாகத்தான் தெரியும்.

எர்த் வயரின் டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. நுனியை நறுக்கினேன், உள்ளே கறுப்பு. இன்னும் கொஞ்சம் நறுக்கினேன், அப்போதும் கறுப்பு. இழைகளுக்கு நடுவே உப்புநீர் ஏறிப் போயிருந்தது. பளபளப்பான செம்பு தெரிகிறவரை வெட்டிவிட்டு, குறைந்த நீளத்துக்குப் புது வயர் சேர்ப்பதுதான் வழி. கறுத்த செம்பில் ஈயம் உருண்டு விழுமே தவிர ஒட்டாது. ஈயம் ஒட்டுவதற்காகத் தடவுவது ஃப்ளக்ஸ். ரேடியேட்டருக்குப் போடும் ஆசிட் கலந்த ஃப்ளக்ஸைத் தடவினால் ஒட்டும்தான். ஆனால் மிச்சமிருக்கும் ஆசிட் வயரை உள்ளிருந்தே அரித்துவிடும். வயருக்கும் போர்டுக்கும் ரோசின் (மரப்பிசின்) ஃப்ளக்ஸ் மட்டுமே.

வள்ளியூரில் வண்டி எலக்ட்ரீசியன் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுவார். நான் இரண்டு நுனிகளை எதிரெதிரே வைத்து ஈயத்தை நீட்டப் போனதும் கையைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, ஈயம் ஒட்டத்தாம்ல, புடிக்கதுக்கு இல்ல. முறுக்குதான் புடிக்கணும். முறுக்கிட்டு இழுத்துப் பாரு, வராம இருந்தா அப்புறம் ஈயத்தைக் காட்டு.” அன்று முதல் ஒரு வயரின் இழைகளை இன்னொன்றின் மேல் இரண்டு பக்கமும் இறுக்கிச் சுற்றி, இழுத்துப் பார்த்த பிறகுதான் அயர்னைத் தொடுகிறேன். சூட்டில் சுருங்கி ஜாயிண்டை மூடும் ஸ்லீவை, முறுக்குவதற்கு முன்பே வயரில் கோத்துவிட வேண்டும்.

அடுத்தது சூடு. அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி வயரில் தேய்க்கக் கூடாது. அயர்ன் முனையை அடியில் வைத்து வயரைச் சூடாக்கி, மேலே ஈயத்தைத் தொட வேண்டும். வயரே அதை உருக்கி இழைகளுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த நொடி பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்: திட்டாக நின்ற ஈயம் திடீரென்று பரவி, ஒவ்வொரு இழையின் வரியும் மேலே தெரியும்படி படியும். அதோடு நிறுத்திவிட வேண்டும், குண்டாக்கத் தேவையில்லை.

60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190-ஐ ஒட்டி முழுதாக உருகும். அயர்னின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷனில் 350 டிகிரி வைத்துக்கொள்கிறேன். தடித்த வயருக்கு 25 வாட் அயர்ன் போதாது. சூடு மெல்ல ஏறுவதற்குள் இன்சுலேஷன் இளகி ஓடிவிடும். 60 வாட்டில் சட்டென்று முடிக்கும் வேலை வயருக்கு நல்லது. ஆடி மாதத்தில் இன்னொரு தொல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் வாசலில் எதையும் சூடாக விடாது. அறைக்குள் உட்கார்ந்து, ஃபேனை நிறுத்தி, புகை முகத்தில் படாதபடி ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்கிறேன். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது.

ஈயம் ஏறிய இடம் கம்பியாக விறைத்துவிடும். வண்டி அதிர அதிர, விறைப்பு முடிகிற ஓரத்தில்தான் வயர் முறியும். அதனால் ஜாயிண்டின் இரண்டு பக்கமும் கேபிள் டை போட்டு பாடியோடு கட்டினேன். இன்ஜினை ஒட்டி அதிகம் அதிரும் இடத்தில் ஈயத்தைவிட நல்ல கிரிம்ப்பே (உலோக முனையை வயரின் மேல் நசுக்கிப் பிடிக்க வைப்பது) மேல் என்பது என் எண்ணம். கம்பெனி வயரிங்கிலும் கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகி) முனைகள் பெரும்பாலும் கிரிம்ப்தான். உப்புக்குப் பயந்து உள்ளே பசை உள்ள ஸ்லீவ் போட்டேன். எல்லாம் முடிந்து பார்த்தபோது ஹோல்டரில் 12 வோல்ட்டை ஒட்டி வந்தது. அத்தான் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, “இப்பம்லா லைட்டு” என்றார்.

கழற்றும் வேலைக்கு அதே வேனில் இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் ஃபிளாஷர் கிடைத்தது. தட்டினால் இண்டிகேட்டர் மினுக்கும், விட்டால் நிற்கும். திறந்து லென்ஸில் பார்த்தபோது ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வளையமாக விரிசல். கனமான பாகம், அதிர்வு, சூடேறி ஆறுவது எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயமும் ஃப்ளக்ஸும் சேர்த்தால் சீக்கிரம் இளகும். நன்றாக இளகிய பிறகே பம்ப்பை அழுத்தி உறிஞ்ச வேண்டும். மிச்சத்தை உறிஞ்சச் செம்பு விக் (செம்பு இழைப் பின்னல்). கால் துளைக்குள் தளர்வாக ஆடாதவரை பாகத்தை இழுக்கக் கூடாது, இழுத்தால் போர்டின் செம்புத் தடமும் உரிந்து வரும். இதற்கு முன் ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) வாங்கிய பழைய போர்டுகளில் போதுமான அளவு பழகியிருந்ததால் தடம் தப்பியது.

ரிலே காண்டாக்ட் (உள்ளே தொட்டு விடும் முனை) கறுத்திருந்தது, மாற்றியாக வேண்டும். காயிலுக்கு (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) 12 வோல்ட், கால்களின் அமைப்பு, காண்டாக்ட் தாங்கும் ஆம்பியர் மூன்றும் பொருந்துகிற ரிலே வள்ளியூரில் கிடைக்கவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் போகும்போது பழையதையே கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்க வேண்டும். அதுவரை வேனில் அண்ணாச்சி கொடுத்த ஃபிளாஷர் ஓடுகிறது.