பேஸைப் பிடித்துக்கொண்டு ஜாஸ் கேட்கிறேன்

ஜாஸ் கேட்கப் பழக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எனக்குப் பழக்கமானது சினிமாப் பாட்டும் கொஞ்சம் கர்நாடக சங்கீதமும்தான். சின்ன வயதில் வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போனதால் தாளம் போட வரும், ராகம் ஓரளவு பிடிபடும். அந்தக் கையிருப்போடு உள்ளே நுழைந்து, இதுவரை எதையெல்லாம் கேட்டேன், எது கைகொடுத்தது என்று எழுதி வைக்கிறேன். இனி ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் எடுத்தது ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம். 1959-ல் நியூயார்க்கில், கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆவது தெரு ஸ்டுடியோவில், மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டே நாளில் பதிவானது. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். அவசரமே இல்லாத வாசிப்பு. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே ஓடவிட்டால் இனிமையாக இருக்கும், முடிந்துபோகும், மனதில் ஒன்றும் தங்காது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று தெரிந்தாக வேண்டும். எனக்கு அந்தப் பிடி டபுள் பேஸில், அதாவது ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்தக் கீழ்ச்சுருதித் தந்தி வாத்தியத்தில் கிடைத்தது.

ஆல்பத்தின் முதல் உருப்படி ‘ஸோ வாட்’. அதுவே அதற்கு வழி விடுகிறது. ஆரம்பத்தில் பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் மெதுவாக உரசிக்கொள்கின்றன. அப்புறம் பால் சேம்பர்ஸின் பேஸ்தான் மெட்டையே வாசிக்கிறது. பேஸ் ஒரு வரி சொல்ல, பில் எவன்ஸின் பியானோ இரண்டே தட்டில் பதில் சொல்கிறது. கொஞ்ச நேரத்தில் ட்ரம்பெட்டும் இரண்டு சாக்ஸபோன்களும் அந்தப் பதிலில் சேர்ந்துகொள்கின்றன. ஒன்றரை நிமிடம் இப்படிப் போனபின் மைல்ஸ் தன் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, எடுக்கும் இடத்தில் டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அடி அடிக்கிறார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பேஸ் பாருக்கு (நாலு அடி கொண்ட ஒரு தாளக் கட்டத்துக்கு) நாலு சுரம் என்று நடக்கத் தொடங்கிவிடுகிறது. வாக்கிங் பேஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இங்கிருந்து கடைசிவரை சோலோ வாசிப்பவரை விட்டுவிட்டு அந்த நடையை மட்டும் கேட்டேன். அப்படிக் கேட்டபோதுதான் பாட்டுக்குத் தரை இருப்பது தெரிந்தது.

ஒரு விஷயம்: போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவே கேட்காது. சாதாரண ஹெட்போன் போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். ஹெட்போனில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிவில் ஜான் கோல்ட்ரேனின் டெனார் சாக்ஸபோன் இடது காதில், கேனன்பால் ஆடர்லியின் ஆல்டோ வலது காதில். எந்த சாக்ஸ் யாருடையது என்ற குழப்பம் இதில் தீர்ந்துவிடும். கோல்ட்ரேன் சுரங்களை அடுக்கிக்கொண்டே போவதும், ஆடர்லி துள்ளிக்கொண்டு வருவதும் கொஞ்ச நாளில் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

அடுத்த கட்டம் கணக்கு. ‘ஸோ வாட்’டின் ஒரு சுற்று 32 பார், பாருக்கு நாலு அடி. மொத்தம் 128 அடி. அதாவது நம் எட்டு அடி ஆதி தாளத்தில் சரியாக 16 ஆவர்த்தனம்! அது நாலு நாலு ஆவர்த்தனமாகப் பிரிகிறது. முதல் நாலும் அடுத்த நாலும் ஒரே சுருதியில். மூன்றாவது நாலில் எல்லாமே அரைக் கட்டை மேலே ஏறுகிறது. கடைசி நாலில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. சுருதிப் பெட்டி ஆப்பில் இரண்டு கட்டையை வைத்துக்கொண்டு கேட்டால் முதல் பகுதி கரகரப்பிரியாவின் சுரங்களோடு அப்படியே பொருந்துகிறது. அவர்கள் அதை டோரியன் என்கிறார்கள். கமகம் கிடையாது, ராகமாகவும் அவர்கள் அதைப் பார்ப்பதில்லை. சுரங்கள் மட்டும் அதேதான். ஒன்பதாவது ஆவர்த்தனத்தில் ஆதார ஸட்ஜமே இரண்டரைக் கட்டைக்குப் போகும்போது சுருதிப் பெட்டி சட்டென்று அபஸ்வரமாக ஒலிக்கும். அந்தத் திருப்பத்தைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு விடாது. மைல்ஸ் என்ன வாசித்தாலும் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரியும்.

இதில் ஒரு சுவையான சங்கதி உண்டு. மார்ச் 2 அன்று ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பிலிருந்து தயாரித்ததால் இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இருந்த மூன்று உருப்படிகளும் நிஜ சுருதியைவிடச் சற்று ஏற்றமாக ஒலித்தன. பல பத்தாண்டுகள் உலகம் அப்படியேதான் கேட்டது. 1990-களில் வந்த பதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். சுருதிப் பெட்டியோடு சேர்த்துக் கேட்க நினைப்பவர்கள் திருத்திய பதிப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஆதி தாளம் போட்டுக் கேட்கையில் கைக்கு ஒரு புதுப்பழக்கமும் தேவைப்பட்டது. நம் கை முதல் அடியில்தான் அழுத்தமாக விழும். ஜாஸில் டிரம்மர் காலால் மிதிக்கும் ஹை-ஹாட் இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் ‘சிக்’ என்று மூடுகிறது. அந்தச் ‘சிக்’கோடு விரலால் சொடக்குப் போட்டுப் பாருங்கள், தாளம் முன்னால் சாய்ந்து நடப்பது உடம்புக்கே தெரியும். ஸ்விங் என்று ஜாஸில் சொல்லும் அந்த நடை இதுதான் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது, ஆனால் அதற்குள் நுழையும் வாசல்களில் இது ஒன்று.

32 பார் நீளமாகத் தோன்றினால் அதே ஆல்பத்தின் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ நல்ல பயிற்சி. 12 பார் ப்ளூஸ். ஆறே ஆவர்த்தனத்தில் ஒரு சுற்று. இதற்கு மட்டும் பியானோ வின்டன் கெல்லி.

‘டேக் ஃபைவ்’ பற்றியும் சொல்ல வேண்டும். டேவ் ப்ரூபெக் குவார்டெட் என்ற நால்வர் குழு அதே 1959-ல் அதே 30-ஆவது தெரு ஸ்டுடியோவில் பதிந்தது. இயற்றியவர் அதில் ஆல்டோ சாக்ஸ் வாசித்த பால் டெஸ்மண்ட். அமெரிக்க ஜாஸ் ரசிகர்களுக்கு ஐந்தடித் தாளம் அன்று புதுமை. நமக்கு கண்டசாபு வீட்டுப் பிள்ளை. ஆனால் நம் கண்டசாபு ‘தக தகிட’, இவர்களுடையது ‘தகிட தக’. மூன்று முன்னால் வருவதால் முதலில் கை தடுமாறும், அப்புறம் சுகமாகப் பிடிபடும். இந்தக் குழு 1958-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஏற்பாட்டில் துருக்கி, இந்தியா, இலங்கை எல்லாம் சுற்றியது, மதராஸிலும் வாசித்தார்கள். பழக எளிது என்றாலும் என்னை உள்ளே இழுத்தது இந்த உருப்படி இல்லை.

இழுத்தது பில் எவன்ஸ் ட்ரையோ. பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றே பேர். நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்று தரைக்குக் கீழே ஒரு சின்ன கிளப், 1935-லிருந்து நடக்கிறது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, மதியமும் இரவுமாக அங்கே வாசித்ததைப் பதிவுசெய்து ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’, ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ என்று இரண்டு ஆல்பமாக வெளியிட்டார்கள். கண்ணாடி டம்ளர் உரசுவதும் யாரோ பேசிக்கொண்டிருப்பதும் பதிவில் அப்படியே இருக்கின்றன.

இங்கே பேஸ் ஸ்காட் லஃபாரோ. சேம்பர்ஸைக் கேட்டுப் பழகிய காதோடு இவரிடம் வந்தால் பிடித்திருந்த பிடி நழுவும். பாருக்கு நாலு சுரம் நடப்பதை இவர் பெரும்பாலும் செய்வதே இல்லை. பியானோ ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன் உயர்ந்த சுரத்தில் புகுந்து எதிர்வாக்கியம் சொல்கிறார், திடீரென்று நிறுத்திவிடுகிறார், கீழே இறங்கி ஒரே ஒரு சுரத்தை நீட்டுகிறார். பால் மோஷியனும் டிரம்ஸில் தாளத்தை அடித்துச் சொல்வதில்லை, பிரஷ்ஷால் கோடி காட்டுவதோடு சரி. யாருமே தாளத்தை வெளியே போட்டுக் காட்டாதபோதும் மூவரும் சுற்றின் முடிவில் ஒன்றாக வந்து இறங்குகிறார்கள். ‘குளோரியாஸ் ஸ்டெப்’ என்ற உருப்படி லஃபாரோ இயற்றியது. அதில் அவர் சோலோவின்போது எவன்ஸ் அநேகமாக ஒதுங்கிக்கொள்கிறார். கணக்கை நாமே மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த சோலோ புரியும். ‘ஸோ வாட்’டில் தாளம் போட்டுப் பழகியது எனக்கு இந்த இடத்தில்தான் முழுசாகப் பலன் தந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்து பதினோராவது நாள், ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. இது தெரிந்தபின் அந்தப் பதிவுகளை வேறு மாதிரி கேட்க முடியுமா என்றால், எனக்கு முடியவில்லை. எவன்ஸ் பல மாதங்கள் மேடை ஏறவில்லை.

பேஸின் கையைப் பிடித்துக்கொண்டே போனால் அடுத்து வந்து நிற்கும் இடம் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’, 1964 டிசம்பர் பதிவு. ஜிம்மி கேரிசனின் பேஸில் நாலே நாலு சுரம். முதல் பகுதி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. முடிவை நெருங்கும்போது கோல்ட்ரேன் அந்த நாலு சுரத்தையே எடுத்து, ஒவ்வொரு சுருதியாக மாற்றிப் பன்னிரண்டு சுருதியிலும் வாசிக்கிறார். பிறகு சாக்ஸை இறக்கிவிட்டு ஆல்பத்தின் பெயரையே அந்த மெட்டில் ஜபம்போல் சொல்கிறார். நாலு பகுதிகளில் கடைசியானதில் தாளக்கட்டு இல்லை. தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையைச் சொல்லுக்குச் சொல் சாக்ஸில் வாசிக்கிறார். கவிதை ஆல்பத்தின் உறையிலேயே அச்சாகியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தொடர்ந்து கேட்டேன். விருத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி அந்நியமாக இருக்காது. தன் மகனுக்கு ரவி சங்கரை நினைத்து ரவி என்று பெயர் வைத்தவர் அவர்.

இன்னும் என் காதுக்குள் வராதவையும் இருக்கின்றன. சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் 1945 ‘கோ-கோ’வில் அந்த வேகத்தில் என்னால் சுற்றைப் பிடிக்க முடியவில்லை. ‘செரோக்கி’ என்ற பழைய பாட்டின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) மேல்தான் அது கட்டப்பட்டிருக்கிறது என்பதால், முதலில் அந்தப் பாட்டைப் பாடவே கற்றுக்கொண்டு வருகிறேன். வழக்கமான கட்டுகளை விட்டு வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ்காரர் ஆர்னெட் கோல்மனுக்கு இப்போது போக வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். வரலாற்று வரிசையில், முதல் ஜாஸ் இசைத்தட்டு வந்த 1917-லிருந்து கேட்டு வா என்று சொல்பவர்கள் உண்டு. அது வேண்டாம் என்பேன், பழைய பதிவுகளில் பேஸ் சரியாகவே கேட்காது. ஒரே ஒரு விதிவிலக்கு, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1928 ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’. மூன்றே கால் நிமிடம். துணைக்கு யாருமில்லாமல் தனி ட்ரம்பெட்டாக அவர் ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே முதல் வாரத்திலேயே கேட்டுவிடலாம்.

இப்போது ஒரே பாட்டைப் பலர் வாசிக்கக் கேட்கிறேன். ‘ஆட்டம் லீவ்ஸ்’ என்ற பிரெஞ்சுப் பாட்டு. இதுவும் 32 பார்தான். 1958-ல் ஆடர்லியின் ‘ஸம்திங் எல்ஸ்’ ஆல்பத்தில் மைல்ஸ் ட்ரம்பெட் வாயில் மியூட் என்ற ஒலியடக்கியைச் செருகி மெல்ல வாசித்தது ஒன்று. 1959 டிசம்பரில் எவன்ஸும் லஃபாரோவும் மோஷியனும் வாசித்தது இன்னொன்று. முதலாவதில் பேஸ் வாசிக்கும் சாம் ஜோன்ஸ் தரையாக நிற்கிறார். இரண்டாவதில் மெட்டு முடிந்ததுமே லஃபாரோ பியானோவோடு மாறி மாறிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது. இது முடிந்ததும் சார்ல்ஸ் மிங்கஸ். பேஸ் வாசிப்பவரே குழுவின் தலைவர். 1957-ல் பதிந்த ‘ஹைத்தியன் ஃபைட் ஸாங்’ அவருடைய தனி பேஸில்தான் தொடங்குகிறது.