கோஜெக் கரையோரம் ஒரு வாரம்: இரண்டு தம்பதிகளுக்கு ஒரு பாய்ப்படகு

ஒரு நாளைக்குப் பத்து கடல் மைல். துருக்கியின் கோஜெக்கில் வாடகைக்குப் படகு எடுக்கப் போகிறோம் என்று கேட்டு வருகிற நண்பர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் இரண்டு மணி நேர ஓட்டம். மிச்ச நேரமெல்லாம் குளிக்க, சமைக்க, சாப்பிட, தூங்க. இதற்கு மேல் திட்டம் போட்டவர்கள் வாரம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடுகிறார்கள், அந்தியில் இடம் கிடைக்காமல் அலைகிறார்கள்.

வரைபடத்தைப் பார்த்தால் ஆசை வரும். கிழக்கே கல்கான், காஷ், நீருக்கடியில் சுவர்கள் தெரியும் கெகோவா என்று கரை நீண்டுகொண்டே போகிறது. ஆனால் ஒலுதெனிஸைத் தாண்டியதும் ஏழு முனைகள் என்று துருக்கியர் அழைக்கும் பாறைக்கரை தொடங்குகிறது. ஒதுங்க நல்ல இடம் இல்லை. செங்குத்துப் பாறையில் மோதித் திரும்பும் அலையும் வருகிற அலையும் கலந்து படகைக் குலுக்கும். அனுபவம் உள்ளவர்கள் விடியற்காலையில், காற்று எழுமுன் அதைக் கடந்துவிடுவார்கள். முதல்முறை போகும் நான்கு பேர் ஒரு வாரத்துக்குள் அங்கே போய்த் திரும்புவது தேவையில்லாத சிரமம். கோஜெக்கும் ஃபெத்தியே வளைகுடாவும் போதும், தாராளமாகப் போதும்.

தலமான் விமான நிலையத்திலிருந்து கோஜெக் அரை மணி நேரத்துக்குள். சுற்றிலும் பைன் காடு மண்டிய மலைகள், தீவுகள் மறைத்துக் கொடுத்த அமைதியான நீர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், விரிகுடாக்களில் நெரிசல். ஜூன் முதல் பாதி, செப்டம்பர் நடு முதல் அக்டோபர் நடு வரை என்பவை எங்கள் தேர்வு. அதிலும் செப்டம்பருக்குத்தான் முதலிடம். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இரண்டு தம்பதிகளுக்கு 40 அடிப் பாய்ப்படகு, மூன்று அறை உள்ளது, சரியான அளவு. மூன்றாவது அறையைப் பொருள் வைக்க விட்டுவிடுங்கள். சக்கரம் வைத்த பெட்டிகளை மடித்து வைக்க முடியாது, மென்மையான பைகள்தான் படகுக்கு ஏற்றவை. நீங்களே ஓட்டுவதென்றால் உங்களில் ஒருவரிடம் ஏற்றுக்கொள்ளப்பட்ட படகோட்டும் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கேப்டனை வைத்துக்கொள்ளலாம். அப்போது அந்த மூன்றாவது அறை அவருக்கு, அவருடைய சாப்பாடும் உங்கள் கணக்கில். வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு சமையல்காரரோடு வரும் குலெத் என்ற அகலமான மரக்கப்பல் இருக்கிறது. பாய் இருந்தாலும் பெரும்பாலும் எஞ்சினில்தான் போகும். வயதான பெற்றோரை அழைத்துப் போவதற்கு அது நல்லது.

படகை உங்களிடம் ஒப்படைக்கும்போது அவசரப்படாதீர்கள். வழக்கமாகச் சனிக்கிழமை மாலை அது நடக்கும், எல்லோருக்கும் களைப்பு, காட்டுவதற்கெல்லாம் தலையாட்டிவிடுவோம். நங்கூரத்தை ஏற்றி இறக்கும் வின்ட்லாஸின் மின் பிரேக்கர் எந்த அறையில் இருக்கிறது என்று கேளுங்கள். அது அடிக்கடி விழும், விழுகிற நேரமும் மோசமான நேரமாகவே இருக்கும். சங்கிலி மொத்தம் எத்தனை மீட்டர், பத்து பத்து மீட்டருக்கு என்ன வண்ணக் குறி என்று பாருங்கள். கரைக்குப் போய்வர உதவும் டிங்கி என்ற சிறு படகின் மோட்டாரைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். கழிவறையின் வால்வுகள், கேஸ் சிலிண்டரின் குமிழ், நன்னீர்த் தொட்டியின் அளவு எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுங்கள். எந்த விரிகுடாவில் நங்கூரம் இடலாம், எங்கே மிதவையில்தான் கட்ட வேண்டும் என்பதை வரைபடத்தில் குறித்து வாங்குங்கள். இது பாதுகாக்கப்பட்ட கடல், விதிகள் மாறுகின்றன.

இனி, இந்தக் கரையின் முக்கியமான கலைக்கு வருவோம்: அமரத்தைக் கரைக்குக் கட்டுவது. படகின் பின்பக்கத்தை நம் மீனவர்கள் அமரம் என்பார்கள், முன்பக்கம் அணியம். இங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழம் இருபது, முப்பது மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. நங்கூரத்தை மட்டும் போட்டுச் சுழன்று கிடக்க இடமும் இல்லை, சங்கிலியும் போதாது. அதனால் அணியத்திலிருந்து நங்கூரம், அமரத்திலிருந்து கரைக்கு இரண்டு கயிறு. வாரத்தின் அமைதி முழுக்க இதை நன்றாகச் செய்வதில் இருக்கிறது.

முதலில் விரிகுடாவை மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். காற்று எந்தப் பக்கம், பக்கத்துப் படகுகளின் சங்கிலி எந்தத் திசையில் போகிறது, கரையில் கயிறு கட்டும் குட்டைத் தூண் எங்கே. கோஜெக் பகுதியில் மரத்தில் கட்டக் கூடாது. அதற்காகவே தூண்கள் நட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு கணக்கு: 15 மீட்டர் ஆழத்தில் 50 மீட்டர் சங்கிலி விட்டால் அது கிடையாக ஏறத்தாழ 48 மீட்டர் போகும். படகின் நீளம் 12. அமரத்துக்கும் பாறைக்கும் இடையில் ஏழெட்டு மீட்டர். ஆக, கரையிலிருந்து 65 முதல் 70 மீட்டரில் நங்கூரம் விழ வேண்டும். படகு நீளத்தில் சொன்னால் ஐந்தரை. கண்ணளவில் இது மிக அதிகமாகத் தோன்றும், அதனாலேயே பெரும்பாலோர் முப்பது மீட்டரிலேயே போட்டுவிடுகிறார்கள். சங்கிலி செங்குத்தாக நிற்கிறது, நங்கூரம் படுத்துக் கவ்வாமல் தூக்கப்படுகிறது, மதியக் காற்று பக்கவாட்டில் அடித்ததும் படகு பாறையை நோக்கி நகர்கிறது.

நங்கூரம் இறங்கியதும் பின்னோக்கி மெதுவாக வாருங்கள், சங்கிலியும் அதே வேகத்தில் போகட்டும். சங்கிலி நிறுத்தி நிறுத்திப் போனால் நங்கூரம் இழுபடும், குவியலாக விழுந்தால் சிக்கும். பின்னோக்கிப் போகத் தொடங்கும்போது பெரும்பாலான படகுகளில் அமரம் இடப்பக்கமாக ஒதுங்கும். நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறி சுழலும் திசையால் வருவது அது. வேகம் பிடித்த பிறகே சுக்கான் கேட்கும். அதனால் குறியைக் கொஞ்சம் வலப்பக்கம் வைத்துத் தொடங்குங்கள்.

கரைக்கு இருபது மீட்டர் இருக்கும்போது ஒருவர் கயிற்றோடு நீந்தியோ டிங்கியிலோ போகட்டும். மிதக்கும் கயிறு, ஐம்பது மீட்டராவது வேண்டும். காலில் ரப்பர் செருப்பு கட்டாயம், பாறையெல்லாம் கடல் முள்ளெலி. காற்று வரும் பக்கத்துக் கயிறுதான் முதலில். தூணைச் சுற்றி நுனியைத் திரும்பப் படகுக்கே கொண்டுவந்து கட்டினால், மறுநாள் யாரும் கரைக்குப் போகாமலேயே அவிழ்த்துக்கொள்ளலாம். இரண்டாவது கயிறு மறுபக்கம், இரண்டும் விரிந்து நிற்க வேண்டும். ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் படகு ஊசலாடும். நீரில் தொங்கும் கயிறு விசிறியில் சுற்றுவதுதான் இங்கே அடிக்கடி நேரும் விபத்து. கயிறு நீரில் இருக்கும்வரை கியர் நடுநிலையில். சுற்றிவிட்டால் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, பிறகுதான் முகமூடிக் கண்ணாடியோடு ஒருவர் கீழே இறங்க வேண்டும்.

கடைசியில் சங்கிலியைக் கொஞ்சம் இறுக்கி, கயிறுகள் இரண்டும் விறைப்பாகும்வரை பாருங்கள். நங்கூரம் வீடு திரும்பும் மாடு போல மெல்ல மெல்ல உங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தால் அது கவ்வவில்லை என்று பொருள். கடற்புல் மேல் விழுந்திருக்கும். கூச்சப்படாமல் மறுபடி போடுங்கள். வின்ட்லாஸ் இயங்கும்போதெல்லாம் எஞ்சின் ஓட வேண்டும், அது மின்சாரத்தை அப்படி உறிஞ்சும். நங்கூரம் தூக்கும்போது வின்ட்லாஸால் படகையே இழுக்காதீர்கள். எஞ்சினால் முன்னே போய், தளர்ந்த சங்கிலியை மட்டும் சுருட்டச் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில்தான் தம்பதிகளுக்குள் குரல் உயரும். எஞ்சின் சத்தத்தில் அணியத்தில் நிற்பவருக்குச் சுக்கான் பிடித்தவர் சொல்வது கேட்காது, கத்தினால் கோபமாகத்தான் காதில் விழும். கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வையுங்கள்: விரல் கீழே காட்டினால் இறக்கு, முஷ்டி மடக்கினால் நிறுத்து. யாருக்கு எது என்பதையும் காலை டீயின்போதே முடிவு செய்யுங்கள். சுக்கான், நங்கூரம், நீச்சல், அமரத்துக் கயிறு என்று நான்கு பேருக்கு நான்கு வேலை. தினமும் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்கள்தான் சுக்கான் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கடலிலும் எழுதிவைக்கவில்லை. நங்கூரம் போடுவதற்கு நிதானமும் கவனமும் வேண்டும், அது யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கொடுங்கள்.

காற்றுக்கு ஒரு நாள்முறை உண்டு. காலையில் கடல் கண்ணாடி. பதினொன்று, பன்னிரண்டு வாக்கில் கடற்காற்று எழும், மூன்று நான்கு மணிக்கு உச்சம், சூரியன் சாய்ந்ததும் அடங்கும். காலையில் நீந்திவிட்டுப் பதினொரு மணிக்குக் கிளம்பி, நண்பகல் காற்றில் பாய் விரித்து, இரண்டு மணிக்குள் கட்டிவிடுவதே உத்தமம். பெரிய பாய் பாய்மரத்துக்குள் சுருளும் வகையாக இருந்தால் சுருட்டும்போது பாயை வெளியே இழுக்கும் கயிற்றைக் கொஞ்சம் விறைப்பாகப் பிடித்திருங்கள். தளரவிட்டால் மடிப்பு விழுந்து பாய்மரத்தின் பிளவிலேயே சிக்கிக்கொள்ளும். மலையடி விரிகுடாக்களில் நள்ளிரவுக்குப் பிறகு குளிர்ந்த காற்று சரிவில் இறங்கித் திடீரென வீசும். துண்டு, தலையணை எதையும் மேல்தளத்தில் விட்டுத் தூங்காதீர்கள்.

நீர்த்தொட்டி சுமார் 350 லிட்டர் என்று வையுங்கள். ஆளுக்கு 25 லிட்டர் செலவழித்தால் மூன்றரை நாள். கடலில் குளித்துவிட்டு நன்னீரில் ஒரு நிமிடம் உடம்பு அலசினால் போதும். குடிக்க, ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் என்று 84 லிட்டர், புட்டிகளாகத் தனியே வாங்குங்கள். கழிவறையில் நீங்கள் தின்று செரித்ததைத் தவிர எதுவும் போகக் கூடாது, டிஷ்யூ தாள்கூட. ஒவ்வொரு முறையும் பதினைந்து தடவையாவது பம்ப் அடியுங்கள். கழிவுத்தொட்டி நான்கு பேருக்கு இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். அதைக் கடலில் திறக்கக் கூடாது. மரினா என்ற படகுத் துறையில் உறிஞ்சி எடுத்து, நீல அட்டை எனப்படும் மின்னட்டையில் பதிந்துகொள்வார்கள். இந்தத் தண்ணீர் இன்றும் அடித்தரை தெரிய இருக்க வேண்டுமென்றால், இதை அலட்சியம் செய்யக் கூடாது.

சமையலுக்கு நம் வீட்டுக் கை அப்படியே பொருந்தும். சிவப்பு மைசூர்ப் பருப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும், வெண்டைக்காய், கத்தரிக்காய், எலுமிச்சை, கெட்டித் தயிர் எல்லாம் அருமை. இர்மிக் என்று கேட்டால் ரவை. புல்கூர் என்ற உடைத்த கோதுமையில் உப்புமா அழகாக வரும். பால்தோ என்ற குண்டு அரிசி தயிர்சாதத்துக்கு ஏற்றது. ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியது புளி, சாம்பார்ப் பொடி, கடுகு, பெருங்காயம், மூன்று லிட்டர் குக்கர். குக்கர் கேஸை மிச்சம் பிடிக்கும், படகு ஆடினாலும் சிந்தாது. சமைத்து முடித்ததும் சிலிண்டர் குமிழையே மூடுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் தேங்கும். ஓடும்போது கீழே சமைத்தால்தான் பெரும்பாலும் குமட்டல் வரும். கட்டிய பிறகு சமைப்போம். செப்டம்பரில் குளவித் தொல்லை உண்டு. துருக்கியர் ஒரு தட்டில் காப்பித்தூளைப் புகைய வைப்பார்கள், ஓரளவு கேட்கும்.

பாதை என்றால் இப்படி. முதல் இரவு போய்னுஸ் பூக்கு. மறுநாள் பாதி மூழ்கிய சுவர்கள் நிற்கும் ஹமாம் விரிகுடா, அந்தச் சுவர்களின் மேலேயே நீந்தலாம். அடுத்து சர்சாலா. பல விரிகுடாக்களில் உணவகங்களுக்குச் சொந்த மரத்துறை உண்டு. அங்கே சாப்பிட்டால் கட்டணமில்லாமல் கட்டலாம். கடலடியில் பொருத்திய கயிற்றைப் பையன்கள் எடுத்துத் தருவார்கள், நங்கூரமே வேண்டாம். மீனின் விலையை எடைக்கு எவ்வளவு என்று உட்காருமுன் கேளுங்கள்.

பிறகு ஃபெத்தியே. மலைச்சுவரில் கி.மு. நான்காம் நூற்றாண்டின் அமிந்தாஸ் கல்லறை, செவ்வாய்க்கிழமைச் சந்தை. மீன் சந்தையில் நடுவில் மீனை வாங்கிச் சுற்றியுள்ள கடைகளில் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். அங்கிருந்து கெமிலெர் தீவு. பைசாந்தியத் தேவாலயங்களின் இடிபாடுகள் குன்றெங்கும். அந்திக்கு ஏறிப் போங்கள். எதிரே ஊற்று நீர் கலந்து சில்லென்றிருக்கும் விரிகுடாவிலிருந்து ஒரு மணி நேரம் மலைப்பாதையில் நடந்தால் கயாகோய். 1923-இல் கிரேக்கத்தோடு நடந்த மக்கள் பரிமாற்றத்தில் ஊர் முழுவதும் காலியானது, கூரையற்ற வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. கெமிலெரில் இரவில் அலை உருளும். தூக்கம் முக்கியமென்றால் பகலில் பார்த்துவிட்டு வளைகுடாவுக்குள் திரும்பிவிடுங்கள். ஒலுதெனிஸ் காயலுக்குள் படகுகளுக்கு அனுமதி இல்லை.

வெளியே தங்கும் கடைசி இரவு யாஸ்ஸிஜா தீவுகள், கோஜெக்குக்கு மிக அருகில். வெள்ளி பிற்பகல் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் டீசல் துறைக்கு வரும், வரிசை நீளும். மதியத்துக்குள் போய்விடுங்கள். எஞ்சின் மணிக்கு மூன்று நான்கு லிட்டர்தான் குடிக்கும், வாரத்துக்குப் பெரிய செலவில்லை. கழிவுத்தொட்டியையும் அப்போதே காலி செய்து, இரண்டுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். படகுக்குப் பிணையாகக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது அவற்றைக் காட்டச் சொல்வார்கள்.