அப்பாவுக்காகத் திருப்பிரிதி

திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதியை, அதாவது இமயமலையில் பத்ரி போகும் வழியிலுள்ள ஜோஷிமட்டைச் சேவிக்க வேண்டும் என்பது அப்பாவின் கடைசி ஆசை. உடம்பு இடம் கொடுக்கவில்லை. "எனக்காக நீ போய்ச் சேவிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வருஷாப்திகம் (முதல் வருஷ திதி) முடிந்த கையோடு, 2025 பிப்ரவரி கடைசியில், அம்மாவை அழைத்துக்கொண்டு ஜோஷிமட் கிளம்பினேன்.

குளிர்காலத்தில் பத்ரி நடை சாத்தியிருக்கும். ஜோஷிமட்டில் நரசிம்மர், பத்ரி வழியிலேயே இன்னும் மேலே இருக்கும் பாண்டுகேஷ்வரில் கண்ணனின் தோழர் உத்தவர், அவ்வளவுதான் திட்டம். ரிஷிகேஷில் ஒரு தரகர் ஜீப்புக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு அப்புறம் போனையே எடுக்கவில்லை. வயதானவர்களோடு வருகிறவர்களிடம் இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ!

வேறு வண்டி பிடித்து வந்து சேர்ந்தோம். 27-ஆம் தேதி பனி விடாமல் கொட்டியது. பாண்டுகேஷ்வர் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் தகரக் கூரையின் ஓரத்தைக் கையால் தட்டினார். முந்தின நாள் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடக்க, அதன் மேலிருந்த புதுப்பனி மட்டும் பாளமாக வழுக்கி விழுந்தது. "மலையிலும் இப்படித்தான். குளிர் முடிகிற நேரத்துப் பனி அடிப்பனியோடு ஒட்டாது. கனம் ஏறினால் மொத்தமாக இறங்கிவிடும்" என்றார். சரி என்று தங்கிவிட்டோம்.

மறுநாள் காலை, பத்ரிக்கு அப்பால் இருக்கும் மாணா கிராமத்துக்கும் பத்ரிக்கும் நடுவே சாலைத் தொழிலாளர் முகாமின் மேல் பனிச்சரிவு விழுந்தது. 54 பேர் சிக்கிக்கொண்டார்கள்.

மார்ச் 1. நரசிம்மர் சன்னிதி. சின்னஞ்சிறு மூர்த்தி, யோகத்தில் அமர்ந்திருக்கிறார். ஒரு கை மட்டும் நூலாய் இளைத்திருக்கிறது. அது அற்று விழும் நாளில் மலைகள் கூடி பத்ரிக்கு வழி அடைபடும் என்பார்கள். அந்தக் கையைப் பார்த்தபடி நிற்கிறேன். வெளியே ஹெலிகாப்டர் சத்தம். மாணாவிலிருந்து மீட்டவர்களைக் கொண்டுவருகிறார்கள். அம்மா வாய்விட்டே சொன்னாள்: "பெருமாளே, அந்தக் கையாலே அந்தப் பிள்ளைகளைத் தூக்கிடுப்பா." எனக்குக் கண் மறைத்தது. அப்பா பேரைச் சொல்லவே மறந்துபோனேன். பிடிவாதக்காரனான என்னை ஒரு கைப்பிடிப் பனியைக் காட்டி நிறுத்தினாயே, நரசிம்மா! உனக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

46 பேர் உயிரோடு வந்தார்கள். 8 பேர் வரவில்லை.

மறுநாளும் போனோம். அப்பாவின் துளசிமாலையைப் பெருமாள் திருவடியில் வைத்து வாங்கிக்கொண்டேன். அம்மா வாசலில் நின்று, மாணா இருக்கும் திசையைப் பார்த்து வெகுநேரம் கைகூப்பிக்கொண்டிருந்தாள்.