ராத்திரி விமியோவில் மாட்டிக்கொண்ட கதை

தூக்கம் வராமல் விமியோ என்கிற வீடியோ தளத்தைத் தோண்டிக்கொண்டிருந்தபோது 'பாட்டில்' என்றொரு குறும்படம் கிடைத்தது. அமெரிக்க அனிமேஷன் இயக்குநர் கிர்ஸ்டன் லெப்போர் 2010-ல் எடுத்த ஸ்டாப் மோஷன் (உருவத்தை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்துக் கோப்பது), ஐந்து நிமிடம்தான், ஒரு வார்த்தை வசனம் கிடையாது. கடற்கரையில் ஒரு மணல் உருவம், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பனி உருவம், ரெண்டும் ஒரு பாட்டிலில் தங்கள் ஊரில் கிடைப்பதைப் போட்டு மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கின்றன, கடைசியில் நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்புகின்றன. முடிவைச் சொல்லமாட்டேன். மணல், பனி, நடுவில் தண்ணீர்... நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், இது ஸ்டுடியோவில் விளக்குப் போட்டு எடுத்ததில்லை. நிஜக் கடற்கரை, நிஜப் பனி. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுக்கும் நேரத்தில் வெயிலும் அலையும் அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்குமில்லையா, அதனால் உருவம் நிதானமாக நடக்க, பின்னால் அலையெல்லாம் பேய் பிடித்த மாதிரி துடிக்கிறது. கம்ப்யூட்டரில் செய்திருந்தால் இதைத் 'தவறு' என்று துடைத்திருப்பார்கள். துடைக்காததுதான் அழகு.

அப்புறம் அவருடைய 'ஹாய் ஸ்ட்ரேஞ்சர்' பார்த்தேன். மூன்று நிமிடம்கூட இல்லை. துணியில்லாமல் குப்புறப் படுத்திருக்கும் களிமண் உருவம் நம் கண்ணைப் பார்த்து அன்பாகப் பேசுகிறது. சிரிப்பும் வருகிறது, கூச்சமும் வருகிறது, நடுவில் சம்பந்தமே இல்லாமல் தொண்டை அடைக்கிறது. ஆபீஸில் திறக்காதீர்கள்.

இந்த மாதிரி குட்டிப் படங்கள் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். இன்றைக்கும் தூக்கம் வரப்போவதில்லை.